பருத்தித் தாளும் மூன்று அச்சுகளும்

கையால் செய்யப்படும் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் அதன் மேல் பதிக்கப்படும் விண்மீனையும் மணியையும் பற்றியே பேசுகின்றனர். அவற்றைத் தாங்கி நிற்கும் தாள் எவர் கண்ணிலும் படுவதில்லை. ஆனால் இக்கலையின் முதன்மைக் கருவிகளான ஸ்டாம்ப், ஸ்டென்சில், டை ஆகிய மூன்றும் எந்த அளவுக்கு வேலை செய்யும் என்பதைத் தாளே முடிவு செய்கிறது. இதை விளங்கிக்கொள்ள மிகவும் ஏற்ற நகரம் புனே. அங்கே கிறிஸ்துமஸ் பண்டிகைக்கும் கைத்தாளுக்கும் நெடுங்கால வேர் இருக்கிறது. இரண்டும் அந்நகரத்தின் பேட்டைகளில் வளர்ந்தவை.

மராத்தியர் கிறிஸ்துமஸை 'நாதாள்' என்கின்றனர். போர்த்துக்கீசியச் சொல்லான 'நதால்' கோவா வழியாக மராத்திக்குள் வந்து அவ்வாறு ஆயிற்று. நானா பேட்டையில் உள்ள சிட்டி சர்ச் என்னும் கத்தோலிக்கத் தேவாலயம் 1792-இல், பேஷ்வா ஆட்சியிலேயே, அரசு கொடுத்த நிலத்தில் தோன்றியது. பின்னர் ஆங்கிலேயர் அமைத்த பாளையங்களான கேம்ப், கட்கி ஆகிய பகுதிகளில் தமிழ்க் கிறிஸ்தவர்களும் குடியேறினர். தீபாவளிக்கு வாசலில் தொங்கும் ஆகாச கந்தில் என்னும் காகித விளக்கைச் செய்யும் அதே அட்டையும் வண்ணத் தாளும் பசையும் டிசம்பரில் விண்மீன் விளக்காக உருமாறும் ஊர் அது. எனவே காகிதத்தை வெட்டி, மடித்து, ஒட்டிப் பண்டிகை கொண்டாடும் வழக்கத்தை எவரும் அங்கே புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை.

தாளின் வரலாறு இதைவிடப் பழமையானது. புனே மாவட்டத்தின் வடக்கே உள்ள ஜுன்னர் கைத்தாளுக்குப் பெயர் பெற்ற ஊர். மராட்டிய அரசு அலுவலகங்களில் 'மோடி' என்னும் பழைய மராத்தி எழுத்தில் அமைந்த ஆவணங்களுக்கு அங்குச் செய்த தாள் பயன்பட்டது. காகிதம் செய்வதையே குலத்தொழிலாகக் கொண்ட இஸ்லாமியக் குடும்பங்கள் 'காக்ஜி' எனப்பட்டன. புனே நகரின் கஸ்பா பேட்டையில் உள்ள காகதீபுரா என்னும் பகுதியின் பெயரே அத்தொழிலைச் சொல்கிறது. ஆலைத் தாள் பெருகியபோது இத்தொழில் நலிந்தது. அதை மீட்கும் முயற்சி 1930-களில் தொடங்கியது. அம்முயற்சியில் ஒரு தமிழர் நடுநாயகமாக நின்றார் என்பது தமிழ் வாசகர் அறிய வேண்டிய செய்தி. 1934-இல் காந்தி அமைத்த அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கத்தை வார்தாவிலிருந்து நடத்தியவர் தஞ்சாவூரில் 1892-இல் பிறந்த ஜே. சி. குமரப்பா, ஜோசப் செல்லத்துரை கொர்னேலியஸ் என்பது அவருடைய இயற்பெயர். காந்தியின் தூண்டுதலால் கைத்தாள் ஆய்வில் இறங்கிய கே. பி. ஜோஷியின் முயற்சியில் 1940-இல் புனேயின் சிவாஜி நகர்ப் பகுதியில் கைத்தாள் நிறுவனம் உருவாயிற்று. அது நிற்கும் சாலைக்கு இன்று ஜோஷியின் பெயரே. ராஜஸ்தானின் சாங்கானேரில் உள்ள தேசியக் கைத்தாள் நிறுவனமோ குமரப்பாவின் பெயரைத் தாங்குகிறது. கிறிஸ்தவரான குமரப்பா நடத்திய சங்கத்தால் உயிர்பெற்ற தாளில் இன்று கிறிஸ்துமஸ் அட்டை செய்யப்படுவது தற்செயல்தான். எனினும் அழகான தற்செயல்.

கைத்தாளின் முதன்மையான மூலப்பொருள் மரக்கூழ் அன்று. பனியன் ஆலைகளிலும் தையற்கூடங்களிலும் மிஞ்சும் பருத்தித் துணித் துண்டுகள். திருப்பூர்க்காரர்கள் 'கட்டிங் வேஸ்ட்' என்று சொல்லும் அதே சரக்கைப் பொடியாக வெட்டி, 'ஹாலண்டர் பீட்டர்' என்னும் நீள்வட்டத் தொட்டியில் நீரோடு சுழலவிட்டு, இழை இழையாகப் பிரியும் வரை அடிக்கின்றனர். அந்தக் கூழைக் கம்பிவலைச் சட்டத்தால் அள்ளி, நீரை வடியவிட்டு, துணிமேல் கவிழ்த்து, அழுத்தி, உலர்த்தினால் தாள் கிடைக்கிறது. சட்டத்தின் ஓரத்தில் கசியும் கூழ் உருவாக்கும் சீரற்ற விளிம்பை 'டெக்கிள்' என்பர். கத்தரிக்கோலால் அதை நேராக்குவது வாங்கிய பொருளின் பாதி மதிப்பை வெட்டி எறிவதாகும்.

இந்தத் தாளுக்கும் ஆலைத் தாளுக்கும் உள்ள முதல் வேறுபாடு மடிப்பில் தெரிகிறது. ஆலையில் கூழ் ஓடும் பட்டையின் மேல் விழுவதால் இழைகள் பெரும்பாலும் ஒரே திசையில் படிகின்றன. இத்திசையை 'கிரெய்ன்' என்பர். அதற்குக் குறுக்கே மடித்தால் தடித்த அட்டை வெடிக்கும். சட்டத்தை நாற்புறமும் அசைத்து அள்ளும் கைத்தாளில் இழைகள் எல்லாத் திசையிலும் பின்னிக் கிடப்பதால் எப்பக்கம் மடித்தாலும் அது ஏறக்குறைய ஒரே மாதிரி பணிகிறது. ஆயினும் அச்சகத்தார் 'கிரீசிங்' என்று சொல்லும் வேலையை, அதாவது மடிக்க வேண்டிய கோட்டை முனை மழுங்கிய கருவியால் முன்கூட்டியே அழுத்தி வைப்பதை, இதிலும் தவிர்க்க இயலாது. மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனா அதற்குப் போதும்.

இரண்டாம் வேறுபாடு மை படும்போது வெளிப்படுகிறது. எழுதுவதற்கோ அச்சிடுவதற்கோ உரிய தாளில் மை கசியாமல் இருக்கப் பசைநீர் ஏற்றுவர். இதற்கு 'சைசிங்' என்று பெயர். அது குறைவாக இருந்தால் தாள் மையொற்றுத் தாள் போல உறிஞ்சி, பதித்த கோட்டைப் பரப்பிவிடும். கைத்தாளில் இந்தப் பசையின் அளவு கட்டுக்குக் கட்டு மாறலாம் என்பதால், பழகிய கைவினைஞர் புதிய கட்டு ஒன்றைத் திறந்ததும் ஓரத்துண்டில் ஒரு முறை பதித்துப் பார்த்த பின்னரே அட்டையைத் தொடுவார்.

ஸ்டாம்ப் என்பது இங்கே தபால்தலை அன்று; உருவம் புடைத்து நிற்கும் ரப்பர் முத்திரை. மரக்கட்டையில் ஒட்டிய ரப்பர் வகையும், 'போட்டோபாலிமர்' என்னும் ஒளிபுகும் நெகிழியால் ஆகி, அக்ரிலிக் கட்டையில் ஒட்டிக்கொள்ளும் வகையும் இப்போது வழக்கில் உள்ளன. பின்னதில் எங்கே பதிகிறது என்பது ஊடே தெரிவதால் தொடக்கநிலையாளருக்கு அது எளிது. இதற்காக வெளிநாட்டுத் தொகுப்புகளை வாங்குவோர் பலர். ஆனால் அலுவலக முத்திரை செய்து தரும் கடைகள் பலவற்றில் புறஊதா ஒளியால் இறுகும் இதே வகைப் பாலிமரைத்தான் பயன்படுத்துகின்றனர். தாமே வரைந்த கோட்டோவியத்தைக் கருப்பு மையில் தெளிவாகக் கொடுத்தால் பதிவாளர் அலுவலக முத்திரையைச் செய்யும் அதே கை ஒரு மாட்டுத்தொழுவக் காட்சியையும் செய்து கொடுத்துவிடும். பனிமானும் பைன் மரமும் நிறைந்த தொகுப்புகளுக்குள் புனே அடைபட்டுக் கிடக்க வேண்டிய கட்டாயம் இல்லை. இவை எதுவும் இல்லாதபோது வெண்டைக்காயை நறுக்கி மையில் தோய்த்தால் ஐந்து முனை விண்மீன் செலவில்லாமல் கிடைக்கிறது. பள்ளிப் பிள்ளைகள் அறிந்த இந்த உத்தியைப் பெரியவர்கள் மறந்துபோனது வியப்பு.

மை இரு வகை. 'டை இங்க்' எனப்படும் சாய மை தாளுக்குள் ஊறி விரைவில் உலரும். பசை குறைந்த கைத்தாளில் இதுவே கோட்டைச் சிதைப்பது. 'பிக்மென்ட் இங்க்' எனப்படும் நிறமி மை மேற்பரப்பிலேயே தங்கி மெதுவாக உலரும். பருத்தித் தாளுக்கு இதுவே நம்பகமானது. மேலும், ஈரமான நிறமி மையின் மேல் 'எம்பாசிங் பவுடர்' என்னும் உருகும் பிசின் தூளைத் தூவி, மிகுந்ததைத் தட்டிவிட்டு, சூட்டுக் காற்றுத் துப்பாக்கியால் காட்டினால் தூள் உருகிப் பளபளக்கும் புடைப்புக் கோடாக நிற்கிறது. தலைமுடி உலர்த்தி இதற்கு உதவாது. அதன் காற்று மிகுதி, சூடு குறைவு, ஆகவே தூள் உருகும் முன்பே பறந்துவிடும். கைத்தாளின் மேடுபள்ளத்தில் முத்திரை விட்டுப்போன இடங்களை இந்தப் புடைப்பு ஓரளவு மறைத்தும் விடுகிறது. விட்டுப்போவதே அழகு என்போரும் உண்டு. பெரிய உருவங்களில் அது உண்மை, வாழ்த்து வாசகத்தில் ஓர் எழுத்துப் பாதியாக நின்றால் அதை அழகு என்று சொல்வது கடினம்.

ஸ்டென்சில் இந்நாட்டவர்க்குப் புதிதன்று. புனேயின் துளசிபாக் சந்தையில் தீபாவளிக்கு முன் ரங்கோலித் தட்டுகள் விற்பனைக்கு வருகின்றன. துளையிட்ட தட்டின் மேல் பொடியைத் தூவினால் தரையில் உருவம் விழும். தமிழகத்துக் கோல அச்சும் இந்த வகையே. அட்டை வேலையில் தரைக்குப் பதில் தாள், பொடிக்குப் பதில் மை. கடைகளில் கிடைக்கும் நெகிழித் தகடு இல்லாதோர் பழைய எக்ஸ்-ரே படலத்தைக் கழுவி, கூரிய கத்தியால் உருவத்தை வெட்டி எடுக்கின்றனர். தூரிகையில் மை ஏறக்குறைய வற்றிய நிலையில், தகட்டின் மேலிருந்து தொடங்கித் துளைக்குள் வட்டமாகத் தேய்த்துச் செல்வதே முறை; ஈரம் மிகுந்தால் மை தகட்டின் அடியில் புகுந்துவிடும். கைத்தாளின் மேட்டில் மட்டும் நிறம் பற்றி, பள்ளம் வெளிறி நிற்பதால், டிசம்பர் வைகறையின் மூடுபனி போன்ற ஒரு சாயல் வருகிறது. வழவழப்பான ஆலை அட்டையில் எவ்வளவு முயன்றாலும் அது வாராது. தகட்டைப் பிடித்து நிறுத்தும் ஒட்டுநாடா மட்டும் பருத்தி இழையை உரித்து எடுத்துவிடும்; முதலில் அதைச் சட்டைத் துணியில் இரண்டு முறை ஒட்டி எடுத்துப் பிசுபிசுப்பைக் குறைத்துக்கொள்வது வழக்கம்.

தமிழில் வாழ்த்து எழுத விரும்புவோர்க்கு இவ்விரு கருவிகளும் தனித்தனிச் சிக்கல்களை வைத்திருக்கின்றன. முத்திரையில் எழுத்தை இடவலம் மாற்றிச் செதுக்க வேண்டும். ஸ்டென்சிலில் அந்தத் தொல்லை இல்லை; ஆனால் 'ண', 'ழ', 'ஞ' போன்ற எழுத்துகளின் சுழிக்குள் அடைபட்ட வெற்றிடம், சுற்றுக்கோட்டை வெட்டியதும் பிடிமானம் இன்றிக் கழன்று விழும். எனவே சுழியை ஓரிடத்தில் வெட்டாமல் விட்டு ஒரு 'பாலம்' அமைக்க வேண்டியிருக்கிறது. பாலத்தை எங்கே வைத்தால் எழுத்து எழுத்தாகவே இருக்கும் என்பது தனி நுட்பம். புள்ளி ஒன்றுதான் தொல்லை தராதது. ஓலையில் எழுதியவர்கள் பெரும்பாலும் விட்டுவிட்ட அந்தப் புள்ளிக்கு இங்கே ஒரு துளையே போதும்.

மூன்றாவதான டை என்பது வெட்டும் அச்சு. மெல்லிய எஃகுத் தகட்டில் உருவத்தின் கோடு மட்டும் கூர்விளிம்பாகப் புடைத்து நிற்கும்படி அரித்து ஆக்கப்பட்டது. அதைத் தாளோடு சேர்த்து இரு பாலிகார்பனேட் பலகைகளுக்கு இடையில் அடுக்கி, கைப்பிடியால் சுழலும் இரண்டு உருளைகளின் நடுவே செலுத்தினால், கரும்பு பிழியும் இயந்திரத்தில் நிகழ்வது போன்ற அழுத்தத்தில் உருவம் துண்டாகிறது. சிவகாசி அச்சகங்களில் பெட்டி வெட்டும் 'டை பஞ்சிங்' இதன் மூத்த வடிவமே. கைத்தாளுக்கும் இந்தக் கருவிக்கும்தான் ஒத்துப்போவதில்லை. பருத்தியின் நீண்ட இழை எளிதில் அறுபடாமல் நூல் நூலாகத் தொங்குகிறது. தாளின் கனமும் ஒரே சீராக இல்லாததால் ஒரு பக்கம் வெட்டுப்பட்டு மறுபக்கம் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. அடுக்கில் மேலும் ஒரு மெல்லிய தாளைச் சேர்த்து, திசையைத் திருப்பி இரண்டாம் முறை செலுத்தினால் விண்மீன், மணி போன்ற தடித்த உருவங்கள் வெட்டுப்படும். சரிகை போன்ற நுண்ணுருவங்களை ஆலை அட்டையில் வெட்டிக் கைத்தாளின் மேல் ஒட்டுவதே அறிவுடைமை. வெட்டாமல் புடைக்கச் செய்யும் வேலையிலோ கைத்தாள் தன் குறையை ஈடுசெய்துவிடுகிறது. லேசாக நீர் தெளித்து அழுத்தினால் பருத்தி விரிசலின்றி ஆழமான உருவத்தை ஏற்கிறது.

அச்சும் கையும் கலந்த இந்த முறையைத் தூய கைவினை அன்று என்று குறை சொல்வோர் கிறிஸ்துமஸ் அட்டையின் பிறப்பை நினைவுகொள்ளலாம். பிரிட்டனில் 1840-இல் ஒரு பென்னித் தபால் வந்த பின், 1843-இல் ஹென்றி கோல் என்பவர் ஓவியர் ஜான் கால்காட் ஹார்ஸ்லியைக் கொண்டு வரையச் செய்த முதல் வணிகக் கிறிஸ்துமஸ் அட்டை ஏறத்தாழ 1000 படிகள் வெளிவந்தது. விலை ஒரு ஷில்லிங். கல்லச்சில் கோடு மட்டும் பதிந்தது, நிறத்தைக் கையால் தீட்டினர். முத்திரை பதித்து வண்ணம் நிரப்பும் இன்றைய முறை அதிலிருந்து வெகுதூரம் விலகிவிடவில்லை. குடும்பத்தினர் மது அருந்துவதும் குழந்தைக்கும் கோப்பை நீட்டுவதுமாக இருந்த அப்படத்தை மதுவிலக்கு ஆர்வலர்கள் கண்டித்தனர் என்பது வேறு கதை.

அனுப்பும்போது எடை குறுக்கே வருகிறது. ஏ5 அளவுத் தாள் ஒரு சதுர மீட்டரில் முப்பத்திரண்டில் ஒரு பங்கு. ஆகவே 250 ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு 250 கிராம் எடையுள்ள தாளை மடித்துச் செய்த அட்டை ஏறத்தாழ 8 கிராம் நிற்கும். உறைக்கு 5 கிராம், மேலே ஒட்டும் ஒவ்வோர் அடுக்குக்கும் சுமார் 3 கிராம் எனக் கூட்டினால், இரண்டடுக்கு அட்டை சாதாரணக் கடிதத்தின் முதல் எடைப்படியான 20 கிராமை ஏறக்குறையத் தொட்டுவிடும். மூன்றாம் அடுக்கு அதைத் தாண்டும். அஞ்சலக முத்திரை ஓங்கி விழும் இடத்தில் புடைப்பு உருவம் இருந்தால் நசுங்கும் என்பதால், தபால்தலை ஒட்டும் வலப்பக்க மேல்மூலைக்கு நேரே உள்ளிருக்கும் அட்டையைத் தட்டையாக விடுவதும் நல்லது.

வெட்டி மிஞ்சிய பருத்தித் தாள் துண்டுகளை நீரில் ஊறவைத்து அடித்தால் மறுபடி கூழாகும். வீட்டு மிக்சியும் ஒரு பழைய கொசுவலைத் துண்டும் சிறு தாள் ஒன்றை உருவாக்கப் போதுமானவை. பிசின் தூள் உருகிப் படிந்த துண்டும் மினுக்குப் பொடி ஒட்டிய துண்டும் மட்டும் அந்தத் தொட்டிக்குள் போகக் கூடாது.