பொன்முடிப் பாதையில் ட்யூனரும் டிஏசியும்

திருவனந்தபுரத்திலிருந்து விதுரா வழியாகப் பொன்முடிக்கு ஏறும் சாலையில் 22 கொண்டை ஊசி வளைவுகள். காரில் ஆகாசவாணியின் 101.9 மெகாஹெர்ட்ஸ் பண்பலையை வைத்துக்கொண்டு ஏறினால், மலை மறைக்கும் வளைவில் பாட்டு இரைச்சலாகிவிடும். மறைப்பு விலகியதும் தெளியும். கைபேசியில் சேமித்த பாட்டுக்கு அந்தத் தொல்லை இல்லை. வானொலிப் பாட்டைப் பிடித்துத் தருவது ட்யூனர். கைபேசியில் எண்களாகக் கிடக்கும் பாட்டை மின்னலையாக்குவது டிஏசி என்னும் மாற்றி.

பண்பலை ஏறக்குறைய நேர்கோட்டில்தான் போகும். சுமார் 1,100 மீட்டர் உயரமுள்ள பொன்முடியில் கேரளக் காவல்துறை வயர்லெஸ் நிலையம் வைத்திருப்பதும் அதனால்தான்.

ட்யூனரின் வேலை பொறுக்குவது. ஆன்டெனாவில் எல்லா நிலையங்களும் கலந்து, மைக்ரோவோல்ட் கணக்கில் வந்து விழுகின்றன. அவற்றைப் பிரிக்க 1918இல் எட்வின் ஆம்ஸ்ட்ராங் கண்ட வழி அபாரமானது. கருவிக்குள்ளேயே 112.6 மெகாஹெர்ட்ஸில் ஓர் அலையை உண்டாக்கி 101.9உடன் கலந்தால், இரண்டின் வித்தியாசமான 10.7 கிடைக்கும். வேறு நிலையத்துக்குத் திருப்பினால் உள்ளலையும் கூடவே நகரும்; வித்தியாசம் மாறாது. ஆகவே 10.7க்கென்று ஒரே ஒரு நல்ல வடிகட்டியைச் செய்துவிட்டால் எல்லா நிலையங்களுக்கும் அதுவே போதும்.

டிஏசிக்குப் பொறுக்க எதுவுமில்லை. குறுந்தகடு என்றால் ஒரு ஒலித்தடத்துக்கு நொடிக்கு 44,100 எண்கள். ஒவ்வொன்றும் 65,536 படிகளில் ஒரு படி. புள்ளிக் கோலத்தில் புள்ளிகளைத் தொட்டு இழை ஓடுவதுபோல, அந்த எண்களை மின்னழுத்தமாக்கி, வடிகட்டியால் இழைத்துத் தொடரலையாக்குகிறது. முழு ஒலிக்கு 2 வோல்ட் தரும் டிஏசியில் ஒரு படியின் உயரம் நூறு மைக்ரோவோல்ட்டுக்கும் குறைவு. ட்யூனர் ஒரு நிலையத்தையே அவ்வளவு சிறிய மின்னழுத்தத்திலிருந்து மீட்டெடுக்கிறது என்பதை நினைத்தால் எனக்கு அதன்மீதுதான் மதிப்புக் கூடுகிறது.

இரண்டுக்கும் உறவு கடிகாரத்தில். குவார்ட்ஸ் படிகத்தை நம்பியோடும் உள்ளலை நடுங்கினால், வலுவான பக்கத்து நிலையத்தின் இரைச்சல் ட்யூனருக்குள் புகும். டிஏசியின் துடிப்பு நடுங்கினால் எண்கள் நேரம் தவறி விழுந்து ஒலி கலங்கும்.

இப்போதைய கார் வானொலிகள் பலவற்றில், ட்யூனர் பிடித்த அலையைச் சில்லு எண்ணாக்கி, கணக்குப் போட்டு நிலையத்தைப் பிரித்து, கடைசியில் டிஏசி வழியாகவே ஒலிபெருக்கிக்கு அனுப்புகிறது. வளைவில் மெலியும் நிலையத்தை விலையுயர்ந்த டிஏசி காப்பாற்றாது. வந்த இரைச்சலையும் அது பிசகாமல் ஒலிக்கும். அந்தப் பணத்தை நல்ல ஆன்டெனாவில் போடலாம்.