சின்னக் கட்சிக்கு ஓட்டு கேட்கலாமா?



நாகலூர் பக்கம் ஒரு குழுக் கூட்டத்தில் சேமிப்புக் கணக்கு முடிந்ததும் ஒரு அக்கா தயங்கித் தயங்கிக் கேட்டார்: "மேடம், மரம், தண்ணி, குப்பைன்னு பேசுற சின்னக் கட்சிக்கு நான் வீடு வீடா போய்ச் சொல்லலாமா? குழுவுல கடன நிறுத்திடுவாங்களா?" கேள்வி ஒருத்தருடையது, பயம் பலருக்கும் உள்ளது. அதனால் இங்கே விளக்கமாக எழுதுகிறேன்.

குழு வேறு, நீங்கள் வேறு

நீங்கள் ஒரு வாக்காளர். பிடித்த கட்சிக்குப் பிரச்சாரம் செய்வது உங்கள் உரிமை. ஆனால் குழுப் பணம், குழுக் கூட்டம், தீர்மானப் புத்தகம் இந்த மூன்றும் எந்தக் கட்சிக்கும் போகக்கூடாது. ஊக்குநர் சொன்னார் என்று குழுவே வேனில் ஏறிக் கூட்டத்துக்குப் போவதும் தப்புதான். கடன் கொடுக்கப் பார்க்க வேண்டியது சேமிப்பு, வருகை, திருப்பிக் கட்டிய விவரம். எந்தக் கட்சி என்று பார்க்கக் கூடாது. அரசு வேலையில் இருப்பவர்கள் மட்டும் பிரச்சாரம் செய்யக்கூடாது.

சின்னக் கட்சிக்கு என்ன கஷ்டம்?

அங்கீகாரம் பெற்ற கட்சி வேட்பாளரை ஒரு வாக்காளர் முன்மொழிந்தால் போதும். மற்றவர்களுக்கு அதே தொகுதியைச் சேர்ந்த 10 பேர் வேண்டும். சட்டமன்றத் தேர்தலுக்கு டெபாசிட் 10,000 ரூபாய். பழங்குடியினருக்கும் தாழ்த்தப்பட்டோருக்கும் 5,000. நம்ம ஏற்காடு பழங்குடியினருக்கான தனித்தொகுதி, அதனால் இங்கே 5,000தான். தோற்றவர் செல்லுபடியான ஓட்டில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்கியிருந்தால்தான் அது திரும்பக் கிடைக்கும். பெரிய கட்சிச் சின்னம் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இவர்களுக்கோ பெரும்பாலும் வாபஸ் தேதி முடிந்த பிறகுதான் சின்னம் கையில் வரும். மிச்சமிருக்கும் சில நாளில் மலைக் கிராமம் எல்லாம் ஏறி இறங்க முடியுமா?

அதனால் பிரச்சினையை முதலிலேயே பேசி வைக்கணும். கோடையில் எந்த ஊற்று வற்றுது, சுற்றுலாப் பயணிகள் போடும் பாட்டில் எந்த ஓடையில் சேருது, இதெல்லாம் தண்ணிக் குடம் தூக்கும் நமக்குத்தான் தெரியும். சின்னம் வந்த பிறகு அதை மட்டும் ஞாபகப்படுத்தினால் போதும்.

நடந்த கதை

கூடங்குளம் அணுஉலையை எதிர்த்து 2011-ல் இடிந்தகரையில் பெரிய போராட்டம் நடந்தது. மீனவப் பெண்களும் பீடி சுற்றும் பெண்களும் அதில் முன்னால் நின்றார்கள். அதை வழிநடத்திய சுப. உதயகுமார் 2014-ல் கன்னியாகுமரி மக்களவைத் தொகுதியில் ஆம் ஆத்மி சார்பில் நின்று தோற்றார். பிறகு பச்சைத் தமிழகம் கட்சியைத் தொடங்கி, 2016-ல் ராதாபுரத்தில் நின்றார். அங்கேயும் தோல்விதான். ஊரே திரண்ட போராட்டம் அப்படியே ஓட்டாக மாறிவிடாது என்பது இதில் ஒரு பாடம். இன்னொரு பாடமும் உண்டு. அதே ராதாபுரத்தில் முதல் இரண்டு பேருக்கும் அறிவிக்கப்பட்ட வித்தியாசம் வெறும் 49 ஓட்டு! இவ்வளவு நெருக்கமான இடத்தில் சின்னக் கட்சி கேட்கும் கேள்விக்குப் பெரிய கட்சியும் பதில் சொல்லித்தான் ஆகணும்.

ஜெர்மனியில் பசுமைக் கட்சி 1980-ல் ஆரம்பித்து, 1983-ல் 5.6 சதவீத ஓட்டோடு நாடாளுமன்றம் போனது. அங்கே ஓட்டு சதவீதத்துக்கு ஏற்ப இடம் கிடைக்கும். நம்ம முறையில் முதலில் வருபவர் மட்டுமே ஜெயிப்பார். அதனால் இங்கே சின்னக் கட்சிக்கு ஊராட்சியிலிருந்து தொடங்குவதே நல்லது. வார்டு உறுப்பினர், ஊராட்சித் தலைவர் தேர்தலில் கட்சிச் சின்னமே கிடையாது, ஆளைப் பார்த்துத்தான் ஓட்டு.

"யாருமே வேண்டாம், நோட்டா போடுறேன்" என்பவர்களும் உண்டு. தமிழ்நாட்டில் நோட்டா முதலில் வந்ததே நம்ம ஏற்காடு இடைத்தேர்தலில்தான், 2013 டிசம்பரில். 4,431 பேர் போட்டார்கள். ஆனால் நோட்டா எத்தனை வாங்கினாலும் வேட்பாளர்களில் அதிகம் வாங்கியவர்தான் ஜெயிப்பார். அது கோபத்தைக் காட்டுமே தவிர, ஊற்றைக் காப்பாற்றாது.

மறக்க வேண்டாம்

1. ஓட்டுக்குப் பணம் கொடுப்பதும் குற்றம், வாங்குவதும் குற்றம். ஒரு வருடம் வரை ஜெயில். புகாருக்கு 1950.
2. கோயில், சர்ச், மசூதியில் ஓட்டு கேட்கக்கூடாது.
3. ஓட்டுப்பதிவு முடியும் நேரத்துக்கு 48 மணி நேரம் முன்பே பிரச்சாரத்தை நிறுத்தணும்.
4. இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது.

அந்த அக்காவுக்கு நான் சொன்னது இதுதான்: "தாராளமா போங்க. குழு நோட்டை மட்டும் வீட்டிலேயே வச்சிட்டுப் போங்க." வேறு கட்சிக்காரங்க உங்கள் குழுவில் இருந்தாலும் செவ்வாய்க்கிழமை சேமிப்புக்கு ஒரே பாயில்தான் உட்காரணும். அடுத்த கூட்டத்தில் இதைப் படித்துக் காட்டி, எல்லோரும் பேசுங்கள்.

— கள ஒருங்கிணைப்பாளர், ஏற்காடு