மறந்த தையலும் மீண்ட வாழ்வாதாரமும்: சிட்லிங்கி ‘போர்கை’ அமைப்பை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

தொண்டு நிறுவனங்கள் ஊரகப் பெண்களுக்குக் கைவினை வழியாக உதவ முற்படும்போது, அக்கைவினை எந்நிலையில் உள்ளது என்பதே உதவியின் தன்மையைத் தீர்மானிக்கிறது. தருமபுரி மாவட்டம் சிட்லிங்கிப் பள்ளத்தாக்கில் லம்பாடிப் பெண்களைக் கொண்டு இயங்கும் ‘போர்கை’ அமைப்பின் வழி இக்கட்டுரை இதனை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: லம்பாடி, பூத்தையல், போர்கை, ஜமக்காளம், வாழ்வாதாரம்

முன்னுரை

கொங்கு நாட்டின் பவானி, அந்தியூர் வட்டாரங்களில் ஜமக்காள நெசவு இன்றும் நடைபெறுகிறது. பவானி ஜமக்காளம் புவிசார் குறியீடு பெற்றுள்ளது. 1985ஆம் ஆண்டின் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டமும் ஜமக்காளத்தைக் கைத்தறிக்கு உரியதாக வரையறுத்துள்ளது. அங்குத் தொழில் அறிந்தோர் உள்ளனர். அவர்களுக்குத் தேவைப்படுவன நியாயமான கூலியும் சந்தையும் ஆகும். தொழில் அறிந்தோரே அருகிவிட்ட இடத்தில் சந்தையால் மட்டும் பயன் விளையாது. அத்தகைய சூழலுக்குச் சிட்லிங்கி தக்க சான்றாகும்.

கைவினை மறைந்த முறை

பஞ்சாரா என்றும் வழங்கப்பெறும் லம்பாடி மக்கள், முற்காலத்தில் தானியத்தையும் உப்பையும் மாட்டுப்பொதிகளில் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுசென்றவர்கள். கண்ணாடித் துண்டுகளும் சோழிகளும் பதித்த பாவாடை, ரவிக்கை, முக்காடு ஆகியவை இவர்தம் பெண்களின் மரபுடை. சிட்லிங்கித் தாண்டாக்களில் சேலை வழக்கிற்கு வந்தபின் இவ்வுடைக்கான தேவை குறைந்தது. உடை நீங்கவே, தாயிடமிருந்து மகள் தையல் கற்கும் வாய்ப்பும் நீங்கியது. வேளாண் வருவாய் போதாமையால் குடும்பங்கள் திருப்பூர் போன்ற ஊர்களுக்குப் பிழைப்புத் தேடிச் சென்றன. ஆடைத் தொழிலை நம்பி ஊர்விட்டுச் சென்ற ஒரு சமூகம், தன் ஆடைக்குரிய தையலை மறந்திருந்தது என்பது இங்குக் கருதத்தக்கது.

மீட்பும் அமைப்பாக்கமும்

மருத்துவர்கள் ரெஜி ஜார்ஜ், லலிதா ரெஜி ஆகியோர் 1993ஆம் ஆண்டு இப்பள்ளத்தாக்கில் ‘ட்ரைபல் ஹெல்த் இனிஷியேட்டிவ்’ என்னும் தொண்டு நிறுவனத்தைத் தொடங்கினர். மருத்துவப் பணியில் தொடங்கிய இந்நிறுவனம், உடல்நலத்தை வருவாயிலிருந்து பிரித்துப் பார்க்கவில்லை. இதன் முயற்சியால் 2006ஆம் ஆண்டு போர்கை உருவாயிற்று. ‘போர்கை’ என்பது லம்பாடி மொழியில் ‘பெருமை’ எனப் பொருள்படும்.

புதிய தொழில் ஒன்றை வெளியிலிருந்து கொணர்ந்து கற்பிக்கும் முறை இங்குப் பின்பற்றப்படவில்லை. தையல் நினைவில் இருந்த மூதாட்டியரே ஆசிரியர் ஆயினர், பழந்துணிகளே பாடநூல்களாயின. இளம்பெண்கள் அவர்களிடம் கற்று, பின்னர்க் கைவினைஞர் சங்கமாக இணைந்தனர். நிறுவனத்தின் பங்கு, அறுபட்ட கற்றல் தொடர்ச்சியை மீண்டும் இணைத்ததேயாகும்.

பயன்பாட்டு மாற்றம்

முன்பு இத்தையல் தமக்கும் தம் மகளுக்குமான உடைக்குரியது. இன்று அது பைகளிலும் மெத்தை உறைகளிலும் இயற்கை வேளாண் பருத்தி ஆடைகளிலும் இடம்பெறுகிறது. அணிபவர் மாறும்போது இரு விளைவுகள் தோன்றுகின்றன. முன்னர்க் கணக்கிடப்படாத உழைப்பு நேரம் இப்போது விலையாகிறது. வயலையும் குழந்தையையும் விட்டு அகலாமல் பெண்கள் பொருளீட்ட முடிகிறது. மறுபுறம், கோலத்தையும் நிறத்தையும் முடிவு செய்வதில் நகர வாங்குநரின் விருப்பம் நுழைகிறது. வடிவத் தேர்வில் கைவினைஞரின் சொல் மேலோங்கும்வரை அது மரபுக்கலை; இல்லையேல் அது வீட்டிலிருந்து செய்யும் மற்றொரு கூலிவேலையாகிவிடும்.

கர்நாடகத்தின் சண்டூர் லம்பாணிப் பூத்தையல் புவிசார் குறியீடு பெற்றுள்ளது. இத்தகைய குறியீடு பெயரைக் காக்கும். ஊசி பிடிக்கும் கையை அதனால் உருவாக்க இயலாது.

முடிவுரை

வாழும் கைவினைக்குக் கூலியும் சந்தைப் பாதுகாப்பும் முதன்மை. மறைந்துவரும் கைவினைக்குக் கற்றல் தொடர்ச்சி முதன்மை. இவ்வேறுபாட்டை உணராத உதவி, பயிற்சிச் சான்றிதழோடு முடிந்துவிடுகிறது. எனவே இத்தகைய அமைப்புகளை மதிப்பிடும்போது விற்பனைத் தொகையுடன், அடுத்த தலைமுறைப் பெண்களுள் எத்தனை பேர் கற்கின்றனர், விலையையும் வடிவத்தையும் யார் முடிவு செய்கின்றனர் என்பனவும் அளவுகோல்களாகக் கொள்ளப்படுதல் வேண்டும்.