கிளச் மாற்றும்போது பிளைவீலையும் பார்த்தீர்களா?

அலவத்துகொடையில் பாடசாலை வான் ஓட்டிப் பிழைக்கும் அக்கா ஒருவர் அண்மையில் என்னைக் கராஜுக்குத் துணைக்கு அழைத்தார். கிளச் பிளேட் தேய்ந்து, மேட்டில் வான் இழுக்கவில்லை. கியர்பொக்ஸை இறக்குவதற்கு முன்னரே, "பிளைவீலும் புதிது போட வேண்டும்" என்றாராம் கராஜ்காரர். அதற்குக் கடன்தான் வாங்க வேண்டும். "நாம் கேள்வி கேட்டால் சிரிப்பார்களோ, மிஸ்?" என்று தயங்கினார். கேட்டோம்.

பிளைவீல் என்பது எஞ்சினின் கிராங்குடன் பூட்டிய கனத்த சக்கரம். கிளச் பிளேட் அதன் முகத்தில்தான் அழுந்துகிறது. முகம் பழுதாக இருக்கப் புதுப் பிளேட்டைப் போட்டால், வான் நடுங்கிக்கொண்டே புறப்படும். திரும்பவும் கியர்பொக்ஸை இறக்க நேரும். அந்தக் கூலிதான் பெரிது. ஆகவே இறக்கியிருக்கும்போதே கண்ணால் பார்த்துவிடுங்கள். வெடிப்பு இருந்தால் மாற்றத்தான் வேண்டும். ஆழமில்லாத கோடுகளும் சூட்டினால் வந்த லேசான நீலத் திட்டுகளும் மட்டுமென்றால் லேத்தில் கடைந்து சமப்படுத்தலாம். கம்பனி குறித்த தடிப்புக்குக் கீழே மட்டும் போகக்கூடாது. பிற்காலத்தில் வந்த பல டீசல் வாகனங்களில் பிளைவீல் இரண்டு பாகமாக, உள்ளே ஸ்பிரிங்குடன் இருக்கும். அதைப் பொதுவாகக் கடைவதில்லை. ஆட்டம் கூடினால் மாற்றுவதுதான். கிராங்கின் பின்பக்க ஒயில் சீலையும் பாருங்கள். கசிந்தால் புதுப் பிளேட்டும் வழுக்கும்.

அக்காவின் பிளைவீலில் வெடிப்பில்லை. கடைந்தே பூட்டினார்கள். நீலத் திட்டுகளைக் காட்டி, "மேட்டில் அரைக் கிளச்சிலேயே நிறுத்தி வைப்பீர்களா?" என்று கராஜ்காரர் கேட்டார். இப்போது ஹேண்ட்பிரேக் இழுக்கிறார்.