மூலையில் கிடக்கும் கணினிக்கு ஒரு பணி

ஹார்டு டிஸ்க் பழுதுற்றதென்று மூலையில் ஒதுக்கப்பட்ட கணினிகள் நம் இல்லங்களில் உண்டல்லவா? அவற்றின் பிராசசர் இன்னும் நலமாகவே இருக்கக்கூடும். ஆஸ்திரேலியரான பாரி காலர் 2003-ஆம் ஆண்டு வெளியிட்ட ‘பப்பி லினக்ஸ்’ பென் டிரைவிலிருந்தே இயங்கும். தொடங்கியதும் தன்னை நினைவகத்தில் ஏற்றிக்கொள்வதால் ஹார்டு டிஸ்க் வேண்டுவதில்லை.

அதில் பெர்க்கிலிப் பல்கலைக்கழகத்தார் உருவாக்கிய ‘பாயிங்க்’ மென்பொருளை நிறுவலாம். பேராய்வுகளின் கணக்குகளைச் சிறு துண்டுகளாகப் பெற்று, முடித்துத் திருப்பியனுப்புவதே அதன் தொழில். 2004-இல் ஐ.பி.எம். தொடங்கிய ‘வேர்ல்ட் கம்யூனிட்டி கிரிட்’ இவ்வாறே புற்றுநோய், காசநோய் ஆய்வுகளுக்கு உதவியது. 2021-இல் அது டொராண்டோவின் கிரெம்பில் ஆய்வு நிலையத்திடம் சேர்ந்தது.

ஆனால் செலவையும் எண்ணுங்கள். நூறு வாட் கணினி இரவு பகலாய் ஓடினால் மாதம் 72 யூனிட்! பழைய இயந்திரமோ மின்சாரத்தை அதிகம் உண்டு கணக்கைக் குறைவாகவே தரும். இல்லாத வீட்டில் இது கொடையன்று, விரயமே. பள்ளி, அலுவலகக் கணினியாயின் உரியவர் இசைவு இன்றியமையாதது.

மின்தடையில் நினைவகத்திலுள்ளது அழியும். ஆகவே அவ்வப்போது பென் டிரைவில் சேமிக்க வேண்டும். ஓயாது எழுதினாலும் அது தேயும். அரைமணிக்கு ஒருமுறை போதும்.