நெடுவழிக்கு ஒரு பழைய வண்டி

நெடுந்தொலைவுப் பயணத்துக்காகப் பயன்படுத்திய மோட்டார் சைக்கிளை வாங்குவோர் பெரும்பாலும் ஓடோமீட்டர் காட்டும் கிலோமீட்டரையே முதலில் பார்க்கின்றனர். ஆனால் அந்த எண்ணைவிட வண்டி பராமரிக்கப்பட்ட விதமே அதன் எஞ்சிய ஆயுளைத் தீர்மானிக்கிறது.

லடாக் செல்ல விரும்புவோர் நாடும் ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411 வண்டியில், எந்த ஆண்டு வெளிவந்தது என்பதும் முக்கியமாகிறது. 2016இல் அறிமுகமான இவ்வண்டி முதலில் கார்புரேட்டருடன், அதாவது காற்றையும் பெட்ரோலையும் கலந்து என்ஜினுக்கு அனுப்பும் கருவியுடன் வந்தது. உயரத்தில் காற்றின் அடர்த்தி குறையும்போது கலவையில் பெட்ரோல் விகிதம் மிகுந்து இழுவை தளர்கிறது. 2017இல் வந்த எரிபொருள் உட்செலுத்து முறையிலோ, உணரிகள் தரும் தகவலைக் கொண்டு பெட்ரோலின் அளவு தானாகவே திருத்தப்படுகிறது. எனினும் காற்றுக் குறைவால் நேரும் திறன் இழப்பை இவ்விரு முறைகளாலும் முற்றிலும் தவிர்க்க இயலாது.

விற்பவர் முன்னரே ஓட்டிச் சூடாக்கிவிட்டால் ஸ்டார்ட் செய்வதிலுள்ள குறைகள் மறைந்துவிடும் என்பதால், என்ஜின் குளிர்ந்திருக்கும்போதே வண்டியை இயக்கிப் பார்ப்பது இன்றியமையாதது. நீலப்புகை வந்தால் என்ஜின் ஆயில் எரிகிறது என்று பொருள். முன்சக்கரத்தைத் தரையிலிருந்து உயர்த்தி ஹேண்டில்பாரைத் திருப்பும்போது நடுவில் சிக்கினால், கோன் செட் எனப்படும் தலைப்பகுதித் தாங்கி தேய்ந்திருக்கிறது. சரளைப் பாதையில் இது உயிருக்கே ஆபத்தானது.

வேறு மாநிலப் பதிவு வண்டியாயின், வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் தடையின்மைச் சான்றின்றி முன்பணம் கொடுப்பது தவறு.