பட்டையிலிருந்து வெள்ளைத் துணிக்கு

நீலகிரியில் தேயிலைத் தோட்டக்காரராக இருந்த ஜார்ஜ் ஹாம்ப்சன், அம்மலைகளின் அந்துப்பூச்சிகளைப் பற்றி 1891-இல் ஒரு நூல் வெளியிட்டார். 1892 முதல் 1896 வரை, இந்திய அந்துப்பூச்சிகளுக்கென்றே நான்கு தொகுதிகள் எழுதினார். பூச்சியைக் கண்டதற்கு அன்று சான்று, ஊசியில் குத்திய உடல். இன்று கைப்பேசிப் படம் போதும். பூச்சி உயிரோடு பறந்துவிடுகிறது.

அன்று மண்ணெண்ணெய் விளக்கின் ஒளி அதிக தூரம் எட்டாது. சர்க்கரைப் பாகில் மதுவைக் கலந்து மரத்தில் தடவிக் காத்திருப்பார்கள். பகலில் மரம் மரமாகத் தேடுவார்கள். பட்டையை நேராகப் பார்த்தால் எதுவும் புலப்படாது. சாய்ந்த காலை வெயிலில், பக்கவாட்டில் பார்க்க வேண்டும். பட்டையின் வெடிப்புகளில் ஒழுங்கில்லை. ஆனால் பூச்சியின் இடச்சிறகுக் கோடு வலச்சிறகிலும் அப்படியே இருக்கும். அந்த ஒழுங்குதான் அதைக் காட்டிக்கொடுக்கும்.

இன்று வெள்ளைத் துணியைக் கட்டி, புற ஊதா விளக்கை ஏற்றினால் பூச்சிகள் தாமாகவே வருகின்றன. அமெரிக்காவில் 2012-இல் தொடங்கிய அந்துப்பூச்சி வாரம், ஜூலைதோறும் இந்தியாவிலும் நடக்கிறது. படத்தை ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் ஏற்றினால் பலவற்றுக்குப் பெயர் கிடைத்துவிடும். நெருங்கிய இனங்களைப் பிரிக்க மட்டும் அந்தப் பழைய ஊசியும் நுண்ணோக்கியும் இன்னும் தேவைப்படுகின்றன.

சாத்துக்குடி, மாதுளைத் தோட்டங்களில் தொல்லை தரும் பழச்சாறு உறிஞ்சும் அந்துப்பூச்சியைப் பாருங்கள். சருகுகளுக்கிடையே அதன் முன்சிறகும் ஒரு சருகுதான். சீண்டினால் ஆரஞ்சு நிறப் பின்சிறகு பளிச்சென்று விரியும். வெள்ளைத் துணியில் அமர்ந்தால் அந்தச் சருகு வேடம் எடுபடாது. சில பட்டைப் பூச்சிகள், மரத்தில் அமர்ந்த பின்னும் நகர்ந்து திரும்பி, தம் சிறகுக் கோடுகளைப் பட்டையோடு பொருத்திக்கொள்வதைத் தென்கொரிய ஆய்வாளர்கள் 2012-இல் காட்டினார்கள். துணியில் பொருத்திக்கொள்ள எதுவும் இல்லை.

எந்தப் பூச்சி எந்த ஊரில் உண்டு என்பதை இன்று முன்னைவிட நன்றாக அறிகிறோம். அது பகலில் எந்த மரத்தில், எப்படி ஒளிகிறது என்பதைப் பார்ப்பவர்கள் குறைவு. விடிந்த பிறகும் துணியை அவிழ்க்காமல் விட்டால் கரிச்சான் குருவி வந்துவிடும். பட்டையில் தப்பியிருக்கக்கூடிய பூச்சிகளை ஒவ்வொன்றாகக் கொத்திக்கொண்டு போகும்.